தஹ்மீனா மிஸ் வைத்த புத்தகக் கொலு

எங்கள் பள்ளிக்கூடத்தில் பிடுங்கப்படுவதற்கென்றே பிறந்த பீரியடுகள் மூன்று: டிராயிங், பி.டி., லைப்ரரி. கணக்கில் பாடம் பாக்கி என்றாலும் சரி, ஆண்டு விழா ஒத்திகை என்றாலும் சரி, முதலில் கை நீள்வது இவற்றின் மேல்தான். நான் டிராயிங் மாஸ்டர், பெயர் பரணிதரன். என் பீரியடைப் பிடுங்க வருகிறவர்களோடு சண்டை போடுவேன். போட்டு, தோற்று, சாக்பீஸை மேசை மேல் எறிந்துவிட்டு வெளியே வருவேன். லைப்ரரியன் தஹ்மீனா மிஸ் சண்டை போட மாட்டார். "சரி மிஸ், அடுத்த வாரம் மட்டும் பசங்களை அனுப்பிடுங்க" என்பார். அடுத்த வாரமும் அனுப்ப மாட்டார்கள். அதற்கும் ஒரு சரி சொல்வார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் சாலையில், பேருந்து நின்றும் நிற்காமலும் போகிற ஊர் எங்களுடையது. பள்ளி இருக்கும் இடம் ஒரு காலத்தில் ராமசுப்பிரமணியன் சார் குடும்பத்தின் நெல் களம். நிலமெல்லாம் கைமாறி, பிள்ளைகள் சென்னைக்கும் அமெரிக்காவுக்கும் போன பிறகு, மிஞ்சிய களத்தில் அவருடைய அப்பா பள்ளிக்கூடம் கட்டினார். பம்பாயில் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்று வந்த ராமசுப்பிரமணியன் சார்தான் இப்போது கரஸ்பாண்டன்ட். நல்ல மனிதர். அவர் மனைவி பாகீரதி மாமி அவரைவிட நல்ல மனுஷி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் கெட்டவர் என்று யாருமே கிடையாது. ஒருவராவது இருந்திருந்தால் திட்டித் தீர்க்க எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

தஹ்மீனா மிஸ் பக்கத்து ஊர்ப் பள்ளிவாசல் தெருவிலிருந்து ஸ்கூட்டியில் வருவார். கணவர் ஜாஃபர் சாதிக் தோஹாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சூப்பர்வைசர். மிஸ் நூலக அறிவியல் படித்தவர் என்பதே எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. லைப்ரரியன் என்றால் சாவி வைத்திருப்பவர் என்றுதான் நினைப்பு. மாடியில் கிழக்குப் பார்த்த நீள அறை அவருடைய ராஜ்யம். அங்கே கதவைத் திறந்ததும் நேர் எதிரே ஒரு மேசை. மாதத்துக்கு ஒரு விஷயம் அந்த மேசை மேல் ஏறும்.

ஜூனில் மேட்டூர் திறந்த செய்தி வந்ததும் 'தண்ணி வருது' என்று ஒரு பலகை. ஆறு, மழை, படகு, பம்ப்செட், தவளை என்று ஈரம் பட்ட புத்தகமெல்லாம் அதன் கீழே வந்து உட்காரும். குறுவை நடவின்போது 'வயல்ல யார் யார் இருக்காங்க?' என்று எலி, நண்டு, நாரை, நத்தை, பாம்பு. நாகூர்க் கந்தூரி சமயத்தில் கப்பலும் புறாவும். புத்தகத்தோடு ஒரு பொருளும் இருக்கும். வயலுக்கு ஒரு நண்டு ஓடு, கடலுக்கு ஒரு கிழிந்த வலைத்துண்டு. வலைத்துண்டிலிருந்து வந்த வாசனையைப் பற்றி ஆசிரியர் அறையில் ஒரு வாரம் பேசினார்கள். பலகைகளை எழுதிக் கொடுப்பது நான். பிடுங்கப்பட்ட பீரியடுகளில் எனக்கு வேறென்ன வேலை?

மேசையை அடுக்குவதில் அவருக்கு இரண்டு வித்தைகள் உண்டு. ஒரு புத்தகத்தை மட்டும் நடுவில் திறந்து வைப்பார், கதை சூடு பிடிக்கிற பக்கமாகப் பார்த்து. படித்துக்கொண்டே வருகிற பிள்ளை அந்தப் பக்கத்தின் அடியில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். இன்னொன்று, எல்லாவற்றையும் அழகாக அடுக்கி முடித்த பிறகு, இங்கே ஒன்று அங்கே ஒன்றாகச் சில புத்தகங்களை அவரே உருவிவிடுவார். மேசையில் ஓட்டை ஓட்டையாக இடம் தெரியும். முதல் தடவை எனக்குக் கோபமே வந்துவிட்டது.

"என்ன மிஸ், பல்லு போன வாயாட்டம் ஆக்கிட்டீங்க?"

"முழுசா அழகா இருந்தா பசங்க கை வைக்கப் பயப்படுவாங்க சார். யாரோ ஏற்கெனவே எடுத்துட்டுப் போன மாதிரி இருக்கணும். அப்பதான் நாமளும் எடுக்கலாம்னு தோணும்."

"எடுத்துட்டா கலைஞ்சு போயிடுமே. இவ்வளவு அலங்காரம் எதுக்கு?"

"கலையறதுக்குத்தான் சார். மாசக் கடைசியில மேசை காலியா இருந்தா நான் ஜெயிச்சேன்."

மேசை காலியானதை நான் பார்த்ததில்லை. பாதி குறைந்தால் பெரிய விஷயம். பிள்ளைகள் மேல் தப்பில்லை. அவர்கள் மாடிக்கு வருவதே அபூர்வம், வருகிற நாளிலும் "பரீட்சை நேரத்துல கதை புக் எதுக்கு?" என்று வகுப்பாசிரியர் கையில் இருப்பதை வாங்கி வைத்துவிடுவார். எட்டாம் வகுப்பு கயல்விழி மாதிரி ஒன்றிரண்டு பேர்தான் விடாமல் எடுப்பவர்கள். கயல்விழி வந்தால் மிஸ்ஸின் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும், கல்யாண வீட்டில் சம்பந்தி வந்தது மாதிரி இருக்கும்.

ஆவணியில் வினை வந்தது. சாலைக்கு எதிர்ப்புறப் பள்ளியில் ரோபோடிக்ஸ் லேப் திறந்து பேருந்து நிறுத்தம் வரை பேனர் கட்டினார்கள். அடுத்த வாரமே ராமசுப்பிரமணியன் சார் தஹ்மீனா மிஸ்ஸைக் கூப்பிட்டனுப்பினார். அவர் அறைச் சுவரில் பள்ளியின் சின்னத்தைப் புதிதாகத் தீட்டிக்கொண்டு நான் ஸ்டூல் மேல் நின்றிருந்தேன்.

"எனக்கு லைப்ரரி பிடிக்காதுன்னு இல்லைம்மா. ஆனா அந்த ரூம்ல நாள் பூரா ஃபேன்தான் ஓடறது, பசங்களைக் காணும். பேரண்ட்ஸ் வரவா எல்லாரும் லேப் எங்கேன்னு கேக்கறா. தீபாவளி வரைக்கும் பார்ப்போம். பசங்க புஸ்தகத்தை எடுத்துண்டு போறான்னா ரூம் உங்களோடதுதான். இல்லேன்னா மேல யோசிக்கணும்."

பெரியவர்கள் 'மேல யோசிக்கணும்' என்றால் யோசித்து முடித்தாயிற்று என்று அர்த்தம். நான் தூரிகையைக் கீழே போடாத குறை. மிஸ் மட்டும், "சரி சார், தீபாவளிக்குள்ள எடுக்க வெச்சிடுறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். அந்த அறை போனால் அவருக்கு முன்பக்க ஆபீசில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுப்பார்கள். வேலை போகாது. அந்த அறைதான் போகும். அவருக்கு அந்த வித்தியாசம் தெரியும், எங்களில் பலருக்குத் தெரியாது.

கொலு யோசனை அவருக்கு வந்தது இப்படித்தான். நவராத்திரிக்கு ஆண்டுதோறும் பள்ளி முன்கூடத்தில் மாமி கொலு வைப்பார். ஊரே வந்து பார்க்கும். இந்த வருடம் மாமியின் மகள் ஷைலஜா சென்னையில் புது வீடு குடிபோனதால் பொம்மைகள் அங்கே போய்விட்டன. மடக்கு இரும்புப் படிகள் மட்டும் சும்மா கிடந்தன.

"அந்தப் படியில புத்தகத்தை வெச்சா என்ன சார்?" என்றார் மிஸ். கண் இரண்டும் மின்னின. "கொலுவுக்கு எவ்வளவு கூட்டம் வரும்! நான் சின்னப் புள்ளையில எங்க பக்கத்துத் தெரு வெங்கி வீட்டுக்கு சுண்டலுக்காகவே போவேன். வரிசையில நின்னு பாத்துட்டு, பொட்டலத்தை வாங்கிட்டு ஓடி வந்துடுவேன். மாடிக்குப் பசங்க வரலன்னா நாம கீழ போவோம். அத்தனை பேரும் வர்ற எடத்துல புத்தகம் இருந்தா எடுக்காம போவாங்களா?"

பிரமாதம் என்றேன். எங்கள் வீட்டிலும் கொலு வைக்கும் வழக்கம் கிடையாது. நானும் சுண்டல் கட்சிதான். எங்கள் இரண்டு பேருக்குமே கொலுவைப் பார்க்கத் தெரியும், கொலு வைத்த வீட்டின் உள் சட்டம் எதுவும் தெரியாது. மாமியிடம் போய்க் கேட்டோம். மாமி கண் கலங்கிவிட்டார். "படி வெறுமனே கிடக்கறதேன்னு எனக்கு ராத்திரி தூக்கமே இல்லை. நீங்க வந்து கேக்கறேளே, நன்னா இருக்கணும்!" என்று வேட்டிகளை எடுத்துக் கொடுத்தார், படியில் விரிக்க.

விஷயம் காவிரி. அதுவும் மிஸ்ஸின் யோசனைதான். மேல்படியிலிருந்து கீழ்ப்படி வரை ஆறு இறங்கி வர வேண்டும். உச்சியில் மலை, காடு, யானை, மழை பற்றிய புத்தகங்கள். அடுத்த படியில் அணை, மின்சாரம், பாலம். அதற்குக் கீழே வாய்க்கால், மீன், படகு. பிறகு வயல், நெல், பூச்சி, எலி. பிறகு ஊர்கள்: கோயில், தர்கா, சுவாமிமலையில் சிலை வார்ப்பது, சமையல், சங்கீதம். கடைசிப் படியில் கடல், கப்பல், புயல், உப்பு. நான் நீலத் துணியில் ஆற்றை வரைந்து படிகளின் நடுவே மேலிருந்து கீழாக ஓடவிட்டேன். கீழே ஒரு தட்டில் மண் பரப்பி நெல் தூவி நாற்றங்கால் வைத்தோம். மூன்றாம் நாள் முளை பச்சையாக எட்டிப் பார்த்தது. சும்மா சொல்லக் கூடாது, என் கைவேலையில் எனக்கே கர்வம் வந்த வேலை அது ஒன்றுதான். அடுக்கி முடித்ததும் மிஸ் வழக்கம்போல அங்கங்கே ஒரு புத்தகத்தை உருவினார். ஓட்டைகள் தெரிந்தன. பக்கத்தில் ஒரு சின்ன மேசை போட்டு, எடுத்துப் போகிறவர்களுக்குச் சீட்டு எழுதித் தர உட்கார்ந்துகொண்டார்.

நவராத்திரி முதல் நாள் சாயங்காலம் மாமி வந்தார். பட்டுப்புடவை. கையில் கலசம்.

"பொம்மை இல்லேன்னாலும் படின்னு போட்டா ஒரு கலசமாவது வெக்கணும். இல்லேன்னா நன்னா இருக்காது" என்று மேல்படியில் யானைப் புத்தகத்தை நகர்த்திக் கலசத்தை வைத்தார். பிறகு எட்டிப் பார்த்து, "ஐயோ, நடு நடுவுல பொக்கையா இருக்கே!" என்று உதட்டைக் கடித்தார். வீட்டுக்கு ஆளனுப்பி, மிஞ்சியிருந்த சின்னப் பொம்மைகளை வரவழைத்தார். செட்டியார் ஒருவர், செட்டிச்சியார் ஒருவர், ஒரு கிளி, ஒரு தலையாட்டி. மிஸ் விட்டிருந்த ஓட்டை ஒவ்வொன்றிலும் ஒரு பொம்மையை உட்கார வைத்தார். விளக்கேற்றி ஆரத்தி எடுத்தார். பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் வந்து கும்பிட்டார்கள். மிஸ் சீட்டுக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு அந்தச் சின்ன மேசையில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் வந்தவர்கள் எல்லாம் சுண்டல் அவர்தான் தருகிறார் என்று நினைத்து வந்தவர்கள்.

கயல்விழி மட்டும் கடைசிப் படிக்குப் போய்ப் புயல் பற்றிய புத்தகத்தை எடுத்துவிட்டாள். மிஸ்ஸின் முகத்தில் சம்பந்தி களை வந்தது. அதற்குள் ஆயா ரெத்தினம்மாள் ஓடி வந்தார்.

"ஏய் புள்ள, வை வை! கொலுவுல இருந்து நடுவுல எடுக்கக் கூடாது. ஆகாது!"

கயல்விழி பதறிப்போய்ப் புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் அப்படி ஒற்றியதைப் பார்த்த பிறகு வேறு எந்தப் பிள்ளையும் படி பக்கம் கை நீட்டவில்லை.

"எடுத்தா என்ன சார் ஆகும்?" என்று மிஸ் என்னைக் கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. "நீங்க மாமிகிட்ட பேசுங்களேன் சார்" என்றார். "நீங்களே சொல்லுங்க மிஸ், மாமிக்கு உங்களைப் பிடிக்கும்" என்றேன். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"நான் சொன்னா வேற மாதிரி ஆயிடும் சார்."

எந்த மாதிரி என்று நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? ஊரில் யாரும் அவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அப்படி ஒரு வார்த்தை சொல்ல அவர் யாருக்கும் இடம் கொடுத்ததுமில்லை. இத்தனை வருடமாக அப்படிப் பார்த்துப் பார்த்து நடந்து வந்த மனுஷி.

நான் போய்ப் பேசினேன். மாமி என்னைக் கனிவோடு பார்த்தார். "அதெப்படி மாஸ்டர், கலசம் வெச்சாச்சே! விஜயதசமி வரைக்கும் அசைக்கப்படாது. அப்பறம் எடுத்துக்கட்டும், யார் வேண்டாங்கறா? பத்து நாள்ல புஸ்தகம் எங்கே ஓடிப் போயிடப் போறது?" நியாயமாகத்தான் இருந்தது. திரும்பி வந்து மிஸ்ஸிடம் சொன்னேன். "சரி சார், விஜயதசமிக்கு அப்புறம்" என்றார். சீட்டுக் கட்டைப் பையில் வைத்தார்.

கூட்டமோ நாளுக்கு நாள் கூடியது. புத்தகத்தில் கொலு என்ற செய்தி வாட்ஸ்அப்பில் பறந்தது. லோக்கல் கேபிள்காரர்கள் வந்து படம் பிடித்தார்கள். கும்பகோணத்திலிருந்து கார் போட்டுக்கொண்டு வந்தார்கள். ராமசுப்பிரமணியன் சார் வாசலிலேயே நின்று, "ஐடியா எங்க லைப்ரரியனோடது, தஹ்மீனான்னு பேர்" என்று ஒவ்வொருவரிடமும் பெருமையாகச் சொன்னார். 'தஹ்மீனா' என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னார், தப்பான எண்ணத்தில் இல்லை. மிஸ் எல்லோருக்கும் கை கூப்பினார்.

பிறகு சரஸ்வதி பூஜை. எங்கள் பக்கத்தில் அன்றைக்குப் புத்தகத்தைப் பூஜையில் வைப்பார்கள், படிக்க மாட்டார்கள். படியில் இருந்தவற்றோடு அது நின்றிருந்தால்கூடப் போகட்டும். மாமிக்கு மனசு கேட்கவில்லை.

"படியில இருக்கறது மட்டும்தான் சரஸ்வதியா? மாடில அலமாரியில இருக்கறதெல்லாம் என்ன பாவம் பண்ணித்து?"

பிள்ளைகளுக்கு ஒரே குஷி. மாடிக்கு ஓடினார்கள். வருடம் முழுக்க எட்டிப் பார்க்காதவர்கள்கூட அன்றைக்கு லைப்ரரிக்கு வந்தார்கள். அலமாரி அலமாரியாக இறக்கி, ஒவ்வொரு அட்டையிலும் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். ஒன்றையும் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் அவர்கள் அத்தனை ஒழுங்காகச் செய்த வேலை வேறெதையும் நான் கண்டதில்லை. சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டியிருந்தது. சின்னப் பிள்ளை ஒருத்தி, "மிஸ், இதைப் பிடிங்க" என்று தஹ்மீனா மிஸ்ஸின் கையில் கொடுத்துவிட்டாள். அவர் பிடித்துக்கொண்டு நின்றார். பிள்ளைகள் வந்து வந்து விரலைத் தோய்த்துக்கொண்டு போனார்கள். நான் கதவருகே நின்று பார்த்தேன். உள்ளே போய் அந்தக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டிருக்கலாம். வாங்கியும் என்ன ஆகியிருக்கும்?

விஜயதசமி கழிந்தது. மாமி கலசத்தையும் பொம்மைகளையும் எடுத்துக்கொண்டு போனார். "இனிமே தாராளமா எடுத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டே போனார். பள்ளி திறந்த அன்று மிஸ் சீக்கிரமே வந்து, சின்ன மேசையைத் துடைத்து, சீட்டுக் கட்டோடு உட்கார்ந்தார். தீபாவளிக்கு இன்னும் அவகாசம் இருந்தது. முதல் மணிக்கே கயல்விழி வந்து புயல் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனாள். அன்று முழுக்க மிஸ் என்னைப் பார்த்தபோதெல்லாம் சிரித்தார்.

மறுநாள் காலை கயல்விழி புத்தகத்தை ஒரு மஞ்சள் பையில் பத்திரமாகச் சுற்றிக் கொண்டுவந்தாள்.

"படிச்சுட்டியா கண்ணு, அதுக்குள்ள?"

"இல்ல மிஸ். அம்மா வேணாம்னுட்டாங்க. சாமிக்கு வெச்ச புக்காம். எங்க வீட்டுல கறி மீன் சமைக்கிறோம், எங்க வெக்கிறது, தம்பி கால்ல மிதிச்சுட்டா பாவம்னு சொல்றாங்க." அவள் பையை மேசை மேல் வைத்தாள். "ராத்திரி பூரா பீரோ மேலயே இருந்துச்சு மிஸ். தொடவே விடல."

அடுத்து வந்தவர்களும் அதையேதான் வெவ்வேறு விதமாகச் சொன்னார்கள். வயதுக்கு வந்த பிள்ளைகள் சில நாட்களில் தொடக் கூடாது என்றார்கள். படுத்துக்கொண்டு படிக்கக் கூடாது என்றார்கள். ஆறாம் வகுப்பு அஸார் கப்பல் புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தான். "குங்குமத்தோட வீட்டுக்குக் கொண்டு வர வேணாம், அதைத் துடைச்சா வெச்சவங்களுக்குச் சங்கடமாயிடும், அங்கேயே இருக்கட்டும்னு உம்மா சொன்னாங்க மிஸ்" என்றான். எத்தனை மரியாதையான ஜனங்கள்! எனக்கு அந்த மரியாதையின் மேலேயே எரிச்சல் வந்தது. ஒருவராவது புத்தகத்தைக் கிழித்திருந்தால், தொலைத்திருந்தால், அதில் வடை மடித்திருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன்.

மிஸ் மாடியில் உட்கார்ந்து பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அட்டைகளைத் துடைக்க ஆரம்பித்தார். சந்தனம் உதிர்ந்தது, குங்குமம் இன்னும் பரவியது. பெருக்க வந்த ரெத்தினம்மாள் அதைப் பார்த்து வாரியலைக் கீழே வைத்தார்.

"மிஸ், நான் சொல்றேன்னு கோச்சுக்காதீங்க. நீங்க அழிக்காதீங்க. எனக்கு உங்களைத் தெரியும். பாக்குறவங்க தப்பா எடுத்துப்பாங்க."

மிஸ் பஞ்சை உடனே கிண்ணத்தில் போட்டுவிட்டார், கையைச் சுட்டுக்கொண்டது மாதிரி. ரெத்தினம்மாள் பாசத்தில்தான் சொன்னார். அதனால் அவர்மேல் கோபப்படவும் வழியில்லாமல் போயிற்று. அந்தப் பஞ்சை நான் எடுத்துக்கொண்டேன். நான் துடைத்தால் யாரும் தப்பாக எடுக்கப் போவதில்லை. ஒரு வாரம் துடைத்தேன். அட்டையின் பளபளப்பு போனது, நடுவில் இளஞ்சிவப்பாக ஒரு வட்டம் மட்டும் போகவே இல்லை. போயிருந்தாலும் பயனில்லை. எந்தப் புத்தகத்தில் பொட்டு வைத்தோம் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். எல்லாவற்றிலும் வைத்தார்கள்.

தீபாவளி விடுமுறைக்கு முந்தைய நாள் ஆசிரியர் கூட்டம். ராமசுப்பிரமணியன் சார் கேபிள்காரர்களின் வீடியோவைப் போட்டுக் காட்டினார். கைதட்டினோம். மாமி தஹ்மீனா மிஸ்ஸுக்குச் சால்வை போர்த்தினார்.

"புஸ்தகத்துக்கு இவ்வளவு மரியாதை குடுக்கற பள்ளிக்கூடம் இந்த ஜில்லாவிலேயே கிடையாது" என்றார் சார். பிறகு நினைவு வந்தவராக, "ஆமாம்மா, பசங்க எடுத்துண்டு போறாளா?" என்றார்.

"இல்ல சார்" என்றார் மிஸ்.

பொய் சொல்லியிருக்கலாம். யாரும் போய்ப் பார்த்திருக்கப் போவதில்லை. அவருக்கு அது வரவில்லை.

"பரவாயில்லை, விடுங்கோ. அத்தனை ஜனம் வந்து பார்த்தாளே, அது போறும். நீங்க பண்ணினது வீணாகப்படாது. அந்தக் காவிரியை அப்படியே முன்கூடத்துல நிரந்தரமா வெச்சுடலாம். கண்ணாடி போட்டு, உள்ள லைட் போட்டு. உங்க பேரும் அதுல இருக்கும். மேல ரூமை லேபுக்கு எடுத்துக்கறோம், மீதிப் புஸ்தகத்தை நன்னாக் கட்டி பரண்ல ஏத்திடலாம். பூஜை பண்ணினது, எடைக்கெல்லாம் போட விடமாட்டேன்."

மறுபடி கைதட்டினார்கள். மிஸ் சால்வையின் நுனியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவர் ஒரு கூட்டத்தில் எழுந்து பேசி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"சார், கண்ணாடி மட்டும் வேண்டாம் சார். தெறந்தே இருக்கட்டுமே."

"தூசி படியும்மா" என்றார் அவர், குழந்தையிடம் சொல்வது மாதிரி.

நான் எழுந்தேன். "சார், புத்தகம்னா படிக்கிறதுக்குத்தானே? பாக்குறதுக்குன்னா நான் படமாவே வரைஞ்சு குடுத்துடறேன், அவங்க ரூமை விட்டுடுங்க" என்றேன். குரல் கொஞ்சம் அதிகமாகத்தான் போய்விட்டது. "மாஸ்டருக்குக் கோபம் வந்துடுத்து!" என்று சார் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். என் கோபத்துக்குச் சிரிப்பது அங்கே பழக்கம். காபி வந்தது. தஹ்மீனா மிஸ் உட்கார்ந்து சால்வையை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அழவில்லை. அழுதிருந்தால் ஒருவேளை யாராவது ஏன் என்று கேட்டிருப்பார்கள்.

விடுமுறை முடிந்து வந்தபோது மாடி அறையில் ஆட்கள் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். கீழே ஆறு கண்ணாடிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. என் நீலத் துணிக்கு உள்ளேயிருந்து விளக்கு போட்டிருந்தார்கள். நல்லாத்தான் இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே மிஸ்ஸுக்கு நாற்காலி, எதிரே போன், வருகிறவர்களுக்குக் கரஸ்பாண்டன்ட் இருக்கிறாரா இல்லையா என்று சொல்லும் வேலை. இடைவேளையில் பிள்ளைகள் வந்து கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்ப்பார்கள். விரல் பட்டு அழுக்காகிறது என்று சாருக்குக் குறை. கை வைக்கிறவர்களைப் பெயர் எழுதி அனுப்பச் சொல்லி மிஸ்ஸுக்கு உத்தரவு.

அதனால் ஒரு பலகை எழுதச் சொன்னார்கள். எழுத வேண்டியது நான்தானே. 'தயவுசெய்து தொடாதீர்கள்'. முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். அப்படியானால் கும்பகோணத்தில் ஸ்டிக்கர் போட்டுக்கொள்கிறோம் என்றார்கள். எப்படியும் வரப் போகிற பலகை. பெயின்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் முன்கூடத்தில் உட்கார்ந்தேன். மிஸ் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, என் எதிரே தரையில் உட்கார்ந்து, பலகை ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். முதல் எழுத்தைத் தொடங்கினேன். அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் பெருசா எழுதுங்க சார்" என்றார். "ஒண்ணாவது பசங்களும் படிக்கிற மாதிரி இருக்கணும். பாவம், தெரியாம கை வெச்சுட்டுத் திட்டு வாங்கப் போகுதுங்க."

கோட்டை அழித்துவிட்டுப் பெரிதாகப் போட்டேன்.